ஒரு முறுக்கு சுட்டுக் காட்டுங்கள், வேலையைப் பிறகு பேசலாம்

கேம் ஸ்டூடியோ வேலைக்கு வரும் ஃப்ரெஷர்களிடம் "என்னென்ன தெரியும்?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் ஆளுக்கு அரை மணி நேரம் போகும். யூனிட்டி தெரியும், பிளெண்டர் தெரியும், ஆன்லைன் கோர்ஸ் முடித்த சர்டிஃபிகேட் இருக்கிறது, போதாக்குறைக்குப் பிரம்மாண்டமான கேம் ஐடியா ஒன்றும் இருக்கிறது. அதனால் வேறு மாதிரி கேட்பேன்: "கடைசியாக எதை முடித்து வெளியிட்டீர்கள்?" பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஒருமுறை ஒரு பெண் தயங்காமல் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். விவசாய கேம் ஒன்றில் அவர் சேர்த்திருந்த ஒரு தின்பண்டம். பதினாறு பிக்சல் அகலத்தில் ஒரு முறுக்கு, அவ்வளவுதான். முதலில் அதற்கு 500 காசு விலை வைத்தது, விளையாடிய ஒருவர் அதிலிருந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது, இரண்டே நாளில் திருத்தி அடுத்த வெர்ஷன் விட்டது, எல்லாம் சொன்னார். இருபது நிமிடம் பேசினோம். அதன் பிறகுதான் அவருடைய ரெஸ்யூமேயைத் திறந்தேன்.

ஒருவர் உருவாக்கிய கேமுக்குள் விளையாடுபவரே புதிதாக ஒன்றைச் சேர்ப்பதோ மாற்றுவதோதான் மாட். இதைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். 1999-ல் மின் லீயும் ஜெஸ் கிளிஃபும் ஹாஃப்-லைஃப் கேமுக்குச் செய்த மாட்தான் கவுன்டர்-ஸ்ட்ரைக். மறு ஆண்டே வால்வ் நிறுவனம் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. 2013-ல் அலெக்சாண்டர் வெலிக்கி என்ற 19 வயது இளைஞர் ஸ்கைரிம் கேமுக்காக ஃபால்ஸ்கார் என்ற மாட்டை வெளியிட்டார். சுமார் 2,000 மணி நேர உழைப்பு. ஸ்கைரிமை உருவாக்கிய பெதஸ்தாவில் வேலை வாங்குவதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னார். வேலை கிடைத்தது பஞ்சி ஸ்டூடியோவில். ஆஸ்திரேலியாவில் வக்கீலாக இருந்த நிக் பியர்ஸ் 2015-ல் வெளியிட்ட 'தி ஃபர்காட்டன் சிட்டி' என்ற ஸ்கைரிம் மாட், 2021-ல் தனி கேமாகவே வந்தது.

இவர்கள் உயரத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்களுக்கு இப்போது வேண்டியது 2,000 மணி நேரம் அல்ல, நான்கு வாரக் கடைசிகள். எடுத்ததை முடிக்கிற ஆள் என்று காட்ட ஒரே ஒரு ஐட்டம் போதும். அந்தப் பெண்ணின் முறுக்கையே பாடமாக வைத்துக்கொள்வோம்.

1. கேமைத் தேர்வு செய்யும்போதே வேலையைத் தேர்வு செய்யுங்கள்

பிடித்த கேமில் தொடங்காதீர்கள். எந்த வேலைக்குப் போட்டி போடப்போகிறீர்களோ அதற்குப் பொருந்தும் கேமில் தொடங்குங்கள்.

புரோகிராமர் ஆக வேண்டுமா? மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன். ஃபேப்ரிக், நியோஃபோர்ஜ் போன்ற மாட் லோடர்களை வைத்து ஜாவாவில் கோட் எழுத வேண்டும். ஒரு வாள் சேர்ப்பதற்குள் கிளாஸ், ரெஜிஸ்ட்ரி, பில்டு டூல் என்று பாதி ஜாவா கைக்கு வந்துவிடும். குவெஸ்ட், லெவல் டிசைன் பக்கம் போக வேண்டுமா? ஸ்கைரிம். பெதஸ்தாவே 2012-ல் க்ரியேஷன் கிட் என்ற டூலை வெளியிட்டது. கேமை உருவாக்கியவர்கள் பழகிய டூலின் வாசனை அதில் கிடைக்கும்.

டிசைனர், பிக்சல் ஆர்ட்டிஸ்ட், டெஸ்டர் இந்த மூன்றில் ஒன்று என்றால் ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து உருவாக்கி 2016-ல் வெளியிட்ட கேம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். முக்கியமாக, கோட் எழுதாமலே ஐட்டம் சேர்க்கலாம். 2024 மார்ச்சில் வந்த 1.6 அப்டேட் ஐட்டம் சேர்ப்பதை இன்னும் சுலபமாக்கியது. முதல்முறை செய்பவருக்கு என் சிபாரிசு இதுதான். பிசி வெர்ஷனை வாங்குங்கள். போனில் தொடங்கி நேரத்தைத் தொலைக்காதீர்கள். பைரேட் காப்பி வேண்டவே வேண்டாம். வேலை கேட்கப்போகிற தொழிலிலேயே திருடிவிட்டு அதைக் கொண்டுபோய் இன்டர்வியூவில் காட்ட முடியாது.

2. ஆசையை ஒரு வரியில் அடக்குங்கள்

"நெருப்பு கக்கும் வாள், அதை விற்கும் ஒரு மந்திரவாதி, அவருக்கு ஒரு தீவு." இப்படித் தொடங்கிய மாட்கள் அவரவர் ஹார்டு டிஸ்கிலேயே தூங்குகின்றன. ஒரு பேப்பரில் ஒரே வரி எழுதுங்கள்: "அரிசியும் எண்ணெயும் சேர்த்தால் முறுக்கு, தின்றால் தெம்பு, விற்றால் காசு." வரி இதைவிட நீண்டால் வெட்டுங்கள்.

வெட்டியதைத் தூக்கிப் போட வேண்டாம். "1.1" என்று தலைப்பிட்டு இன்னொரு பேப்பரில் எழுதி வையுங்கள். ஊர்க்காரர்களில் யாருக்கு முறுக்கு பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்பதெல்லாம் அங்கே போகட்டும். ஸ்கோப்பைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஃப்ரெஷர் கிடைப்பது அபூர்வம். அந்த இரண்டாவது பேப்பரை இன்டர்வியூவில் காட்டினால் எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எதைச் செய்வது என்பதில் ஒரு சூட்சுமம். வாளும் மந்திரக்கல்லும் ஏற்கெனவே ஆயிரம் பேர் செய்ததுதான். உங்கள் வீட்டுச் சமையலறையில் இருப்பதை அவர்கள் செய்திருக்க வாய்ப்பு குறைவு. போட்டி இல்லாத இடத்தில் கடை போடுங்கள்.

3. டூல்களுக்கு ஒரு மாலை, அதற்கு மேல் வேண்டாம்

தேவை நான்கே. முதலாவது ஸ்மாபி: மாட்களைக் கேமுக்குள் ஏற்றும் லோடர். இரண்டாவது கன்டென்ட் பேட்சர்: நீங்கள் எழுதும் சின்ன டெக்ஸ்ட் ஃபைலைப் படித்து, கேமின் டேட்டாவில் அதைச் சேர்க்கும் மாட். இரண்டாவதை உருவாக்கியவரும், முதலாவதைத் தொடர்ந்து வளர்த்தவரும் பாத்தோஸ்சைல்ட் என்ற பெயரில் இயங்கும் மாடர். அவர் பிறகு அந்த கேமின் டெவலப்மென்ட் குழுவிலேயே இடம்பிடித்தார். மாட் செய்தால் என்ன கிடைக்கும் என்று வீட்டில் கேட்டால் இவரைச் சொல்லுங்கள். இரண்டுமே இலவசம்.

மூன்றாவது ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். விஷுவல் ஸ்டூடியோ கோடு அல்லது நோட்பேட் பிளஸ் பிளஸ். வேர்டு வேண்டாம். அது மேற்கோள் குறிகளை அழகாக வளைத்துவிடும். வளைந்த குறியைக் கண்டால் ஃபைல் படுத்துவிடும். நான்காவது பிக்சல் வரைய ஒன்று. ஏஸ்பிரைட் காசு கொடுத்து வாங்குவது. லிப்ரேஸ்பிரைட், கிம்ப், பிஸ்கெல் எல்லாம் இலவசம்.

டூல்களை இறக்கியதும் இரண்டு வேலை. உங்கள் சேவ் ஃபைலை வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். பிறகு, கேமின் டேட்டாவைப் பிரித்துக் காட்டும் ஸ்டார்டியூ எக்ஸ்என்பி ஹேக் என்ற டூலை ஓட்டி, கேமின் சொந்த ஐட்டங்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று ஒரு மணி நேரம் படியுங்கள். யூடியூப் டுடோரியல் பத்து பார்ப்பதைவிட இந்த ஒரு மணி நேரம் அதிகம் சொல்லித்தரும். அலுவலகத்திலும் இதே கதைதான். முதல் வாரம் முழுக்க, மற்றவர் எழுதியதைப் படிக்கத்தான் சொல்வார்கள்.

4. ஃபோல்டரைத் திறங்கள், மாவைப் பிசையுங்கள்

கேம் இருக்கும் ஃபோல்டருக்குள் 'மாட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் உங்கள் மாட்டுக்கு ஒன்று. அதனுள்ளே வரவேண்டியவை மூன்று.

முதலில் மேனிஃபெஸ்ட் ஃபைல். இது உங்கள் மாட்டின் ஆதார் கார்டு. பெயர், ஆசிரியர், வெர்ஷன், விவரம், தனி அடையாளம், எந்த மாட்டை நம்பி ஓடுகிறது என்ற தகவல். தனி அடையாளத்தில் உங்கள் பெயர், ஒரு புள்ளி, மாட்டின் பெயர் என்று வரும். இதை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், பிறகு மாற்றக் கூடாது. அதனால் விளையாட்டுப் பெயர், பட்டப் பெயர் எல்லாம் வேண்டாம். ரெஸ்யூமேயில் போடக் கூசாத பெயராக இருக்கட்டும்.

இரண்டாவது கன்டென்ட் ஃபைல். ஜேசன் என்ற ஃபார்மட்டில் இருக்கும். இடப்பக்கம் விஷயத்தின் பெயர், நடுவில் இரட்டைப் புள்ளி, வலப்பக்கம் மதிப்பு. இங்கே மூன்று கட்டளைகள் எழுதுவீர்கள். ஒன்று, படத்தை ஏற்று. இரண்டு, பொருள்களின் பட்டியலில் முறுக்கைச் சேர்: பெயர், விளக்கம், வகை, விலை, தின்றால் கிடைக்கும் பலம், படம் எங்கே இருக்கிறது. மூன்று, சமையல் குறிப்புகளில் முறுக்கைச் சேர். இந்தக் கேமில் எண்ணெயின் எண் 247, அரிசியின் எண் 423. ஆளுக்கு ஒன்று என்று எழுதினால் போதும், சமையலறை புரிந்துகொள்ளும்.

மூன்றாவது படம், ஒரு பிஎன்ஜி ஃபைல்.

இதில் ஒரு பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். ஐட்டத்தின் உள்பெயருக்கு வெறுமனே 'முறுக்கு' என்று வைக்காதீர்கள். உங்கள் மாட்டின் அடையாளத்தை முன்னால் ஒட்டி வையுங்கள். நாளை இன்னொருவரும் முறுக்கு சுட்டால் இரண்டும் மோதிக்கொள்ளக் கூடாது. நூறு பேர் கைவைக்கும் கோடில் பெயர் வைப்பது எப்படி என்று கம்பெனிகள் ட்ரெய்னிங் கொடுக்கும் விஷயம்தான் இது.

இன்னொரு பழக்கம். பெயரையும் விளக்கத்தையும் தனி மொழிபெயர்ப்பு ஃபைலில் வையுங்கள். பிரேசிலில் ஒருவர் அதைப் போர்த்துக்கீசியத்தில் மாற்றித் தர நினைத்தால், உங்கள் மற்ற ஃபைல்களைத் தொடாமலே செய்துவிடலாம். அப்படி ஒருவர் செய்து கொடுத்தால் உங்கள் மாட்டுக்கு இன்னொரு தேசத்துக் கூட்டம் இலவசம்.

5. 256 கட்டங்களில் ஒரு முறுக்கு

ஐட்டத்தின் படம் அகலம் 16, உயரம் 16. மொத்தம் 256 கட்டங்கள். முறுக்கின் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும், மேலே முள் முள்ளாக வர வேண்டும், ஓரத்துக்கு ஒரு கோடும் வேண்டும். எல்லாவற்றுக்கும் இடமில்லை. அந்தப் பெண் முதலில் நான்கு சுற்று வரைந்தாராம், பார்த்தால் கொசுவத்திச் சுருள். மூன்று சுற்றாக்கினார், அப்போது ஜிலேபி. கடைசியில் இரண்டே சுற்று. முனையை மட்டும் ஒரு பிக்சல் வெளியே நீட்டிவிட்டு, மேல்விளிம்பில் விட்டுவிட்டு நான்கு வெளிர்ப் புள்ளிகள் வைத்தார். முறுக்கு வந்துவிட்டது.

கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று. ஓரக்கோட்டுக்கு அப்பட்டமான கறுப்பைப் போடாதீர்கள். அடர் பழுப்பு போடுங்கள். கேமின் சொந்தப் படங்களோடு அப்போதுதான் ஒட்டும். வரையும்போது எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்து மயங்காதீர்கள். கேம் வழக்கமாக நான்கு மடங்காகத்தான் காட்டும், அந்த அளவில் வைத்து அடிக்கடி பாருங்கள். வீட்டில் யாரிடமாவது எதுவும் சொல்லாமல் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். அம்மா ஜிலேபி என்றால் அது ஜிலேபிதான், வாதாடாதீர்கள்.

ஏஐ டூலிடம் படம் கேட்டு ஒட்டிவிடலாமே என்று தோன்றும். ஒட்டலாம். "இந்த நிழலை ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்று இன்டர்வியூவில் கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும். வேலைக்கான சாட்சியாகத்தானே செய்கிறீர்கள்? சாட்சி உங்கள் கையால் வந்ததாக இருக்கட்டும்.

6. விலையில்தான் டிசைனர் தெரிவார்

படத்தைப் பார்த்துப் பாராட்டுவார்கள். விலையைப் பார்த்துத்தான் உங்களை எடை போடுவார்கள். அந்த 500 காசுக் கதைக்கு வருவோம்.

கேமில் பியர் என்பவரின் மளிகைக் கடையில் அரிசி 200 காசு, எண்ணெய் 200 காசு. எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். ஒரு முறுக்குக்கு அடக்கம் 400. விற்பனை 500. ஒன்றுக்கு 100 காசு லாபம். ஒரே மூச்சில் நூறு முறுக்கு சுட்டால் 10,000 காசு. வீட்டைப் பெரிதாக்கிச் சமையலறை கட்டும் கூலியே அவ்வளவுதான். மறுபக்கம், விளையாடுபவர் 20 காசுக்கு விதை வாங்கி, நான்கு நாள் தண்ணீர் ஊற்றி, ஒரு பார்ஸ்னிப் கிழங்கை விற்றால் கிடைப்பது 35 காசு. பிறகு யார் வயலில் இறங்குவார்கள்? விவசாய கேமை முறுக்குக் கம்பெனியாக்கிவிட்டீர்கள்.

வழி எளிது. முறுக்கின் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பாருங்கள். அரிசியில் செய்யும் மாக்கி ரோல் 220 காசுக்கு விற்கிறது, ரைஸ் புட்டிங் 260. இரண்டுக்கும் மூன்று பொருள் வேண்டும். முறுக்குக்கு இரண்டுதான். அப்படியானால் இவற்றுக்குச் சற்றுக் கீழே. அந்தப் பெண் 210-ல் நிறுத்தினார். கடையில் வாங்கிச் சுட்டால் நஷ்டம். சொந்த வயலில் நெல் விளைத்து, சோளத்திலிருந்து எண்ணெய் எடுத்துச் சுட்டால் லாபம். உழைத்தவருக்குத்தான் காசு என்ற கேமின் தர்மம் தப்பவில்லை.

தெம்புக்கும் இதே கணக்கு. டேட்டாவில் நீங்கள் எழுதும் எண்ணின் இரண்டரை மடங்கு கேமில் எனர்ஜியாக ஏறும். 40 என்று எழுதினால் 100. மாக்கி ரோலின் அளவு அது. எண்களை இப்படி ஒப்பிட்டு முடிவு செய்து, காரணத்தை ஒரு வரியில் குறித்து வையுங்கள். பேலன்சிங் என்று ஸ்டூடியோக்களில் இதற்குத் தனி ஆளே வைத்திருப்பார்கள்.

7. உடைத்துப் பாருங்கள், பிறர் உடைப்பதற்குள்

முதல்முறை ஓட்டும்போது ஓடாது. ஓடினால் சந்தேகப்படுங்கள்.

கேமோடு சேர்ந்து ஒரு கறுப்பு விண்டோ திறக்கும். அதுதான் ஸ்மாபியின் கன்சோல். சிவப்பு எழுத்து வந்தால் படியுங்கள். பெரும்பாலானோர் அதை மூடிவிட்டு யாரிடமாவது "ஒர்க் ஆகலை" என்று கேட்கப் போகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். என் முதல் மாட்டில் ஒரு ராத்திரி முழுக்கக் கேமைத் திரும்ப இன்ஸ்டால் செய்து பார்த்தேன். விடிந்த பிறகு சிவப்பு எழுத்தை நிதானமாகப் படித்தால், எத்தனையாவது வரி என்று எண் போட்டுச் சொல்லியிருக்கிறது. இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. ஸ்மாபி தளத்திலேயே ஜேசன் ஃபைலைச் சரிபார்க்கும் பக்கம் இருக்கிறது. கேமைத் திறக்கும் முன் அதில் ஒருமுறை போட்டு எடுங்கள்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் கேமை மூடித் திறக்க வேண்டாம். கன்சோலில் 'பேட்ச் ரீலோட்' என்ற கட்டளை உண்டு, உங்கள் திருத்தம் உடனே ஏறும். 'பேட்ச் சம்மரி' எது ஏறியது, எது ஏறவில்லை என்று சொல்லும்.

டெஸ்டுக்கென்று தனி சேவ் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை கட்டிய சேவாக இருக்கட்டும். புதுப் பண்ணையில் சமையலறையே கிடையாது, முறுக்கு சுட அடுப்புக்கு எங்கே போவீர்கள்? பிறகு விஷமமாக யோசியுங்கள். பை நிறைந்திருக்கும்போது சுட்டால்? இரண்டு பேர் சேர்ந்து விளையாடும்போது? மாட்டை எடுத்துவிட்டால் பையில் இருந்த முறுக்கு என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: அது 'எரர் ஐட்டம்' ஆகிவிடும். அதை வெளியீட்டுப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிவிட்டால் பாதிப் புகார் வராது.

சோதித்ததையெல்லாம் ஒரு ஷீட்டில் வரிசையாக எழுதுங்கள்: என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. இந்த மூன்று கட்டம்தான் கியூஏ டெஸ்டரின் அன்றாட வேலை. அந்த ஷீட் போர்ட்ஃபோலியோவில் தனி ஐட்டம்.

8. கடை திறக்கும் நாள்

ஸ்டார்டியூ மாட்கள் பெரும்பாலும் நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தில்தான் வெளியாகின்றன. 2001-ல் தொடங்கிய தளம். அங்கே ஆயிரக்கணக்கான மாட்களுக்கு நடுவே உங்களுடையதும் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தில் என்ன தெரிகிறது என்பதுதான் முதல் இம்ப்ரெஷன். முறுக்கு மட்டும் இருக்கும் படம் போதாது. சமையலறையில் ஒருவர் முறுக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கும் ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்.

விளக்கத்தில் முதல் இரண்டு வரிக்குள் விஷயம் முடிய வேண்டும்: என்ன சேர்க்கிறது, எப்படிக் கிடைக்கும். அடுத்து என்னென்ன மாட் தேவை, எந்த கேம் வெர்ஷனில் சோதித்தீர்கள், எப்படி நிறுவுவது, எப்படி நீக்குவது. உங்கள் வாழ்க்கைக் கதை அங்கே வேண்டாம்.

வெர்ஷன் எண்ணை மூன்று பகுதியாக எழுதுங்கள். 1.0.0-ல் தொடங்கி, சின்னத் திருத்தத்துக்குக் கடைசி எண், புதிதாக ஒன்று சேர்த்தால் நடு எண். ஒவ்வொரு முறையும் என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் ரெஸ்யூமேக்கு இந்த வரிகள்தான் மூலப்பொருள்.

9. திட்டுபவர்தான் உங்கள் ரெஃபரன்ஸ்

வெளியிட்ட முதல் வாரம் யாரும் சீண்ட மாட்டார்கள். இரண்டாவது வாரம் ஒருவர் வந்து "வேஸ்ட், கிராஷ் ஆகுது" என்பார். உங்கள் மாட் காரணமாக இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லாதீர்கள். மூன்று வரியில் பதில் எழுதுங்கள்: சொன்னதற்கு நன்றி, ஸ்மாபி தளத்தில் உங்கள் லாகை ஏற்றி லிங்க் தாருங்கள், பார்த்துவிட்டு இன்ன நாளுக்குள் சொல்கிறேன். சொன்ன நாளில் சொல்லுங்கள்.

இது நல்லெண்ணம் அல்ல, கணக்கு. நாளை உங்களை இன்டர்வியூ செய்பவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் டவுன்லோடு எண்ணிக்கையைத் தாண்டிக் கீழேதான் போவார். கோபத்தில் இருந்தவரிடம் எப்படிப் பேசினீர்கள் என்று பார்ப்பார். அங்கே ஒரு சண்டை கிடந்தால், டீமில் அடுத்த சண்டை யாரோடு என்றுதான் யோசிப்பார்.

10. காசு, உரிமை: கண்ணை மூடாதீர்கள்

இன்னொரு கேமிலிருந்து படம் எடுத்து ஒட்டாதீர்கள். இன்னொரு மாடரின் ஃபைலை எடுப்பதானால் அவர் பக்கத்தில் பர்மிஷன் பகுதியைப் படியுங்கள். அனுமதி இல்லையென்றால் கேளுங்கள். பதில் இல்லையென்றால் விடுங்கள். இந்த உலகம் சின்னது. திருடன் என்ற பெயர் வேகமாகப் பரவும்.

மாட் விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற கனவை ஆறப்போடுங்கள். 2015 ஏப்ரலில் ஸ்டீம் தளத்தில் ஸ்கைரிம் மாட்களுக்கு விலை வைக்க வால்வும் பெதஸ்தாவும் வழி செய்தன. மாடருக்கு 25 சதவீதம் என்றார்கள். விளையாடுபவர்களின் எதிர்ப்பில் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். எந்த கேமில் எதற்குக் காசு வாங்கலாம் என்பதை அந்தந்த லைசன்ஸ்தான் தீர்மானிக்கும். முதல் மாட்டின் வருமானம், அடுத்த வேலையின் சம்பளத்தில் வரட்டும்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவரா? ஆஃபர் லெட்டரோடு கையெழுத்திட்ட அக்ரிமென்ட்டை எடுத்துப் படியுங்கள். வெளி வேலை, அறிவுசார் சொத்து பற்றிய ஷரத்து சில கம்பெனிகளில் கடுமையாக இருக்கும். ஆபீஸ் லேப்டாப்பில் முறுக்கு சுடாதீர்கள்.

11. ரெஸ்யூமேயில் இரண்டு வரி

"கேமிங், மாடிங் பொழுதுபோக்கு" என்று கடைசி வரியில் எழுதினால் அது கேரம்போர்டு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். புராஜெக்ட் பகுதியில் எழுதுங்கள். "ஸ்டார்டியூ வேலிக்கு உணவு ஐட்டம் மாட்: டிசைன், பிக்சல் ஆர்ட், டெஸ்டிங், வெளியீடு தனியாக. பிளேயர் ஃபீட்பேக்கின்படி விலைச் சமநிலையைத் திருத்தி அடுத்த வெர்ஷன்." கூடவே லிங்க். ஃபைல்களை கிட்ஹப்பிலும் ஏற்றிவிடுங்கள், ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு நிற்கும். எண்ணிக்கையை ஊதாதீர்கள். லிங்கைத் திறந்தால் உண்மை தெரிந்துவிடும்.

யூபிசாஃப்டுக்குப் புனேயிலும் மும்பையிலும், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு ஹைதராபாத்திலும், ராக்ஸ்டாருக்குப் பெங்களூரிலும் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் ஃப்ரெஷர் நுழையக்கூடிய கதவுகளில் ஒன்று டெஸ்டிங். அதை மட்டம் என்று நினைக்காதீர்கள். கேம் கம்பெனியே வேண்டாம், ஐடி சர்வீஸ் வேலைதான் என்றாலும் நஷ்டமில்லை. ஜேசன் ஃபைல், லாக் படிப்பது, வெர்ஷன், யூசருக்குப் பதில்: முதல் புராஜெக்ட்டில் இதைத்தான் தரப்போகிறார்கள்.

12. நான்கு வாரக் கணக்கு

முதல் வாரக் கடைசி: கேம், டூல், ஒரு வரித் திட்டம். ராத்திரிக்குள் கேமின் சொந்த டேட்டாவைப் படித்திருக்க வேண்டும். இரண்டாவது: படமும் ஃபைல்களும். ஞாயிறு மாலைக்குள் முறுக்கு உங்கள் பையில் வந்திருக்க வேண்டும், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாவது: விலை, டெஸ்ட் ஷீட், இரண்டு நண்பர்களின் கையில் கொடுத்து உடைக்கச் சொல்வது. நான்காவது: வெளியீடு. சனிக்கிழமை காலையில் விடுங்கள். புகார் வந்தால் பதில் சொல்ல ஒன்றரை நாள் கையில் இருக்கும்.

ஐந்தாவது வாரம் ஆபத்தானது. "இது இருந்தால் நன்றாயிருக்கும்" என்று ஒவ்வொருவராக வருவார்கள். எல்லோருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு எதையும் தராதவர்களின் பக்கங்கள் அந்தத் தளத்தில் ஏராளம். அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒருவர் தட்டை, சீடை, அதிரசம், தேன்குழல் என்று தீபாவளிப் பட்டியலே போட்டிருந்தார். கீழே அவருடைய பதில் ஒரே வரி: "அடுத்தது தேன்குழல் மட்டும், இந்த மாதக் கடைசியில்." அதற்குக் கீழே அப்டேட் தேதி இருந்தது. மாதத்தின் இருபத்தெட்டாம் நாள். வேலைக்கு எடுப்பவன் தேடுவது இதைத்தான்.